மொகிலி இறக்கம்

தங்கவயலில் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீடுகளிலிருந்து புரட்டாசி மாதம் திருப்பதிக்கு நடந்துபோகும் கூட்டத்துக்குப் பெரியப்பாதான் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது அவருக்கு மட்டும்தான், அதனால் தலைவர். என் அப்பாவின் அண்ணன். சுரங்கம் மூடும்வரை தரைக்கு அடியில் மேஸ்திரியாக வேலை பார்த்தவர். மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தார். ஆனால் நடைப்பயணம் என்று வந்துவிட்டால் மறுபடியும் சுரங்கத்து ஆளாகிவிடுவார். விடியற்காலை நடை அவருக்கு முதல் ஷிப்ட். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது இரண்டாவது ஷிப்ட். யாராவது செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்ந்தால், "கேஜு யாருக்கும் நிக்காது, எழுந்து வாங்க" என்பார். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கூண்டு. மணி அடித்ததும் அது கிளம்பிவிடும். வராதவன் வராதவன்தான். அந்தச் சட்டத்தை அவர் ஆந்திராவின் ரோடுகளுக்கும் பொருத்திவைத்திருந்தார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள். கோடையில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். பிள்ளை பிழைத்து எழுந்தால் நடந்தே வந்து முடி கொடுப்பாள் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். வேண்டியது அம்மா, நடக்கவேண்டியது நான், முடியும் என்னுடையது. அம்மாவும் பெருமாளும் பேசி முடித்த இந்த ஏற்பாட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம் என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அப்பா வரவில்லை. பெங்களூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேரைப்போல அவரும் இருட்டில் ரயில் ஏறி, இருட்டில் திரும்புகிறவர். நான் எழும்போது இருக்கமாட்டார், தூங்கும்போது வந்திருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை இருப்பார், தூங்கிக்கொண்டு. பெங்களூரிலேயே ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். லைன் வீட்டை விட்டுப் போனால் வேறு யாராவது புகுந்துகொள்வார்கள், எப்படியும் ஒரு நாள் வீடு நம் பேருக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருடம் ஆவணியில் இருவரும் இதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். பேச்சு முழுக்க என் வழியாகவே நடந்தது. "உங்க அப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் அம்மா. நான் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் போய்ச் சொல்வேன். "அப்புறமா சாப்டறேன்னு சொல்லு" என்பார் அவர். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் நான் முக்கியமான ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அம்மா குடியாத்தத்துக்காரி. அங்கே அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். தங்கவயலில் அம்மாவுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது. லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடுகள். குழாயடியில் நாள் முழுக்கப் பெண்கள் சத்தம். ஆனாலும் அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். அவளுக்குத் தலைக்கனம் என்று பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி, எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மஞ்சள் துணி கட்டி, கோவிந்தா போட்டுக்கொண்டு, பேத்தமங்கலம் தாண்டி வி.கோட்டா, அங்கிருந்து பலமனேர் என்று முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூட்டைகளும் சமையல் சாமான்களும் எங்களுக்குப் பின்னாலும் முன்னாலும் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியில் வந்தன. நடக்க முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். நான் ஏறக்கூடாது. "வேண்டுதல் உன் பேர்ல கீது. நீ ஏறினா கணக்குல சேராது" என்று பெரியப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பலமனேர் சத்திரத்தில் எழுந்தபோது என் இரண்டு பாதங்களிலும் கொப்புளம் கட்டியிருந்தது. அம்மா அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள். வழக்கமாகத் தடவும்போது திட்டுவாள். அன்று திட்டவில்லை. அவள் முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. தூங்காததால் இருக்கும் என்று நினைத்தேன்.

ஊரைத் தாண்டும்போது பஸ் ஸ்டாண்டு வந்தது. இன்ஜினை ஓடவிட்டபடி பஸ்கள் நின்றன. கண்டக்டர்கள் தெலுங்கிலும் தமிழிலும் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"நீ பெரிப்பா கூட போய்க்கினே இரு. எனக்குக் காலு வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு பின்னாடியே வரேன்."

"நானும் உக்காரேன்."

"வேணாம். நீ போ." என் சடையைப் பிடித்து முன்னால் போட்டுவிட்டாள். "போ கண்ணு."

நான் போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது பஸ்களுக்கு நடுவே மஞ்சள் புடவை எதுவும் தெரியவில்லை. எப்போதும் கூட்டத்துக்கு முன்னால் போகிற பெரியப்பா அன்று எதற்கோ பின்னால் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்த பிறகுதான் ஓரத்துக்கு வந்தார்.

"பெரிப்பா, அம்மா உக்காந்துட்டு வருமாம்."

"தெரியும்" என்றார். "வா, போலாம்."

பலமனேருக்கு அப்புறம் ரோடு காட்டுக்குள் நுழைந்து மொகிலி பக்கமாகக் கீழே இறங்குகிறது. இறக்கம்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கொப்புளத்தோடு இறங்கிப் பார்க்கவேண்டும். உடம்பின் கனம் முழுவதும் விரல்களின்மேல் வந்து விழும். ஒவ்வொரு அடிக்கும் செருப்புக்குள் பாதம் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். தக்காளி ஏற்றிய லாரிகள் கியரைக் குறைத்துக்கொண்டு உறுமியபடி பக்கத்திலேயே இறங்கின. பிரேக் கருகிய நாற்றம். மழை வருவதுபோல் வானம் மூடிக்கொண்டு, வராமல், புழுங்கியது. வளைவுகளில் யானை படம் போட்ட பலகைகள் நின்றன. யானைகள் கடக்கும் இடம் என்று தெலுங்கில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் குட்டி யானை மட்டும் பயமில்லாமல் எங்களைக் கடந்துபோயிற்று.

ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். வளைவு திரும்பியதும் முந்தின ரோடு மறைந்துவிடும். அடுத்த வளைவில் அம்மா தெரிவாள் என்று நினைப்பேன். தெரியமாட்டாள். என்னைச் சுற்றி அத்தனை பேர் கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவரவருக்கு யாரோ இருந்தார்கள். ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்குத் தங்கை, ஒருவருக்கு மகன். பேச ஆள் இல்லாமல் அன்றைக்கு நடந்தது நான் மட்டும்தான் என்று தோன்றியது.

முன்னால் போன பெரியம்மா இன்னொரு அம்மாளிடம் மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஊட்டுக்கே பூட்டாளோ இன்னாமோ."

"அய்யோ, கொழந்தைய உட்டுட்டா?"

"யாரு கண்டா."

வீட்டுக்குப் போய்விட்டாள்! அதாவது பஸ் ஏறித் தங்கவயலுக்கே திரும்பி, கதவைத் திறந்து, காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வந்தால் சூடாகச் சோறு போடுவாள். வேண்டுதலை என் தலையில் கட்டிவிட்டு, நடுவழியில் அவள் மட்டும் நழுவிவிட்டாள். வீடு என்றால் எனக்கு ஒரே வீடுதான் தெரியும். அம்மாவுக்கு இன்னொரு வீடு இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாதி இறக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே பெரியப்பா விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினார். டீ குடித்து முடித்தோம். அவர் எழவில்லை. இன்னொரு டீ சொன்னார். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மற்ற ஷூவின் நாடா. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. "இன்னா மேஸ்திரி, கேஜு ரிப்பேரா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. வயசாகிவிட்டது, நடக்க முடியவில்லை, அதை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நான் முடிவு செய்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பேசுகிறார்.

"ஆங், நல்லா நடந்துகினு கீறோம்பா" என்றார் பெரியப்பா. "உன் பொண்டாட்டியா? பின்னால பொம்பளைங்க கூட வந்துகினு கீறா. போன்ல சார்ஜு இல்லியாம். இந்தா, கொழந்தகிட்ட பேசு."

அத்தனை சுத்தமான பொய்யை ஒரு பெரியவர் சொல்லி நான் கேட்டதில்லை. போனை வாங்கினேன்.

"காலு வலிக்குதாம்மா?" என்றார் அப்பா. பின்னால் மெஷின் சத்தம்.

"இல்ல."

"அம்மா எங்க?"

பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே, நாங்கள் இறங்கி வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி வருது" என்றேன்.

அப்பா மெஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்தார். பிறகு, "லாரி வரும், பாத்து நடக்கச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். ஆக என்னிடம் ஒரு செய்தி இருந்தது. சொல்வதற்கு ஆள்தான் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்த கையோடு நான் மேலே ஏறத் தொடங்கினேன். யாரும் பார்க்கவில்லை. பலமனேருக்குப் போய், பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று திட்டம். ஏறும்போது கொப்புளம் வேறு இடத்தில் வலித்தது. அது ஒரு ஆறுதலாக இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் டீக்கடையின் சத்தம் நின்றுவிட்டது. இன்னொரு வளைவில் குரங்குகள் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தன. ஒன்று இறங்கி வந்து, தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதுபோல, என் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போயிற்று. நான் கத்தக்கூட இல்லை. அதற்குமேல் நடக்க முடியவில்லை. குரங்குகள் விட்ட இடத்தில் சுவரின்மேல் உட்கார்ந்தேன். மூங்கில் புதர் அசையும்போதெல்லாம் அது யானை. யானை வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வந்தால் வரட்டும், அப்போதாவது அம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே அழுகை வந்து அழுதேன்.

பெரியப்பா மூச்சு இரைத்துக்கொண்டு ஏறி வந்தார். சுரங்கத் தூசு அவர் நெஞ்சுக்குள் இன்னும் இருந்தது. ஏற்றத்தில் அது கரகரவென்று சத்தம் போடும். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போலாமா பெரிப்பா?" என்றேன் கடைசியில் நானே.

"இருடி. கொஞ்ச நேரம் உக்காரலாம். எனக்கும் மூச்சு வாங்குது."

உட்கார்ந்தோம். மூச்சு அடங்கிய பிறகும் அவர் எழவில்லை. மேலே வளைவைப் பார்த்தபடியே இருந்தார். ஏதாவது பஸ் இறங்கி வந்தால் கழுத்தை நீட்டி அதன் சன்னல்களைப் பார்த்தார். ஒரு பஸ், இன்னொரு பஸ், நிறைய லாரி. பிறகு, "சரி, வா" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார்.

இறங்கும்போது ஒன்று கேட்டேன். "அம்மா ஊட்டுக்குப் போய்டுச்சா?"

அவர் நின்றுவிட்டார். "யாரு சொன்னா?"

"பெரிம்மா."

"உங்க பெரிம்மாளுக்கு நாக்குல எலும்பு கெடையாது" என்றார். "அம்மா வரும்."

அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கே வந்திருந்ததா என்றும் இப்போது தெரியவில்லை.

அன்று முழுவதும் அவர் அப்படித்தான் செய்தார். மொகிலி கோயில் வந்ததும் எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட்டு வாருங்கள் என்றார். வழியில் கோயில் பார்த்தால் வெளியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறவர் அவர். கும்பிட்டு வந்த பிறகு, குளத்தில் கால் நனைத்துக்கொள்ளுங்கள், வீக்கம் வடியும் என்றார். சாயங்காலம் மழை பிடித்தபோது, சின்னத் தூறல்தான், ஒரு மரத்தடியில் எல்லோரையும் நிறுத்திவைத்தார். இரண்டாவது ஷிப்ட் எப்போது முடியும் என்று கேட்டவர்களிடம், மழை விடட்டும் என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நான் படுத்துக்கொள்ளலாம். என் கால் இரண்டும் நெருப்பாக எரிகின்றன. இந்தக் கிழவர் தன் இயலாமைக்காக எங்கள் எல்லோரையும் வழியில் காயப்போடுகிறார்.

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டியில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். பருவம் முடிந்துவிட்டதால் மண்டி காலியாக இருந்தது. வைக்கோலும் மரப்பெட்டிகளும் அழுகின பழத்தின் லேசான வாசனையும் மட்டும். வெளிச்சம் மங்கும் நேரம். எல்லோரும் உள்ளே போய்க் கால் நீட்டினார்கள். பெரியப்பா மட்டும் வாசலில், ரோட்டைப் பார்த்து ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் என்றார். அவர் மகன் வந்து, "அப்பா, சித்தப்பாவுக்கு போன் போட்டு சொல்லிடலாம்பா" என்றான். "நீ உள்ள போ" என்றார்.

நானும் உள்ளே போகவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றேன்.

லாரிகளின் விளக்குகளுக்கு நடுவே ரோட்டோரமாக ஓர் உருவம் வந்தது. முழங்கால் வரை சேறு. செருப்பு கையில். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து வந்தது. புடவை மஞ்சள் என்று தெரிவதற்கு முன்பே அது அம்மா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஓடவில்லை. கோபமாக இருக்கவேண்டும் என்று நாள் முழுக்க நினைத்து வைத்திருந்தேன்.

பெரியப்பா எழுந்தார். அம்மா அவருக்கு எதிரில் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை. எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே திரும்பி, சமையல்காரருக்குக் கேட்கும்படி, "தட்டு எடுப்பா, பசியோட வந்திருக்காங்க" என்றார். பிறகு மண்டி முழுக்கக் கேட்கும்படி, "நாந்தான் அந்தப் பொண்ண மெதுவா வரச் சொன்னேன். காலு சரியில்லாம எறக்கத்துல அவசரப்பட்டா அவ்ளோதான்" என்றார். பெரியம்மா வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்க போன?"

"எங்கயும் போகல. பின்னாடியேதான் வந்தேன்."

"அப்பா போன் பண்ணாரு. லாரி வரும், உன்ன பாத்து நடக்கச் சொன்னாரு."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். சாம்பாரில் கண்ணீர் விழுந்ததைப் பார்த்தேன். அவ்வளவு கால்வலியா என்று நினைத்து என் கோபம் கொஞ்சம் குறைந்தது.

நான்கு நாள் கழித்துத் திருமலையில் என் முடி போயிற்று. வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா பெங்களூருக்குக் குடிபோகவில்லை. வீடு இன்னும் எங்கள் பேருக்கு வரவில்லை. ஆனால் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேராகவே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை போயிற்று.

பெரியப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. போன வருடம் நானும் அம்மாவும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். பலமனேர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது அம்மா சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்கு இங்கதான் குடியாத்தம் பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். அக்கா ஊட்டுக்கு. திரும்பி வரக் கூடாதுன்னுதான் ஏறினேன்."

நான் அவளையே பார்த்தேன்.

"உங்க பெரிப்பா கீழ நின்னுகினு பாத்தாரு. சன்னல் வழியா நானும் அவர பாத்தேன். எறங்குன்னு சொல்லல. போன்னும் சொல்லல. உன்ன கூட்டிக்கினு நடந்துட்டாரு."

"அப்புறம் ஏன் இறங்கின?"

"பஸ்ஸு ஊர் தாண்டிடுச்சு. அப்ப பாத்தா உன் துண்டு என் தோள்ல கெடக்குது. மழ வந்தா தலைக்குப் போட்டுக்கக் கூட ஒண்ணும் இல்லாம போயிட்டியேன்னு தோணுச்சு. நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். திரும்பி ஊருக்குள்ள வரவே ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் மலை எறங்கி வந்தேன்."

"தனியாவா? யானை காட்டுலயா?"

"தனியாத்தான்."

அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் நடந்தவள் அவள். நான் குரங்குகளிடம் பிஸ்கட்டைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்த அதே ரோட்டில், எனக்குப் பின்னால், யாரும் துணைக்கு இல்லாமல் இறங்கி வந்திருக்கிறாள். பெரியப்பா பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா வந்து சேர்ந்ததற்கு அடுத்த நாள் காலை சித்தூர் ரோட்டில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறியது, உள்ளங்கை வியர்த்து வழுக்கியது, கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. டீ குடிக்கும்போதும் விடவில்லை, இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். திருமலை அடிவாரம் வரை அப்படியே நடந்தோம். நான் தொலைந்துபோய்விடுவேன் என்று அம்மா பயப்படுகிறாள் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.